நானோ: இரண்டு லட்சம் முன்பதிவுகளுக்குப் பிறகு

2009 ஏப்ரல் 9-ஆம் நாள் தொடங்கி 25-ஆம் நாள் வரை நடந்த முன்பதிவில், அதுவரை சாலையில் ஓடிப் பார்த்திராத ஒரு காருக்காக ஏறத்தாழ 2,03,000 பேர் முழுப் பதிவுத் தொகையையும் கட்டினார்கள். டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்த தொகை சுமார் 2,500 கோடி ரூபாய். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் மாதத்தில், ஆண்டுக்கு 2,50,000 கார்களைத் தயாரிப்பதற்கென்று கட்டப்பட்ட குஜராத்தின் சாணந்த் ஆலையிலிருந்து வெளிவந்த நானோ கார்களின் எண்ணிக்கை ஒன்று. இந்தியத் தொழில் வரலாற்றில் ஒரு பொருள் அத்தனை ஆவலோடு வரவேற்கப்பட்டு அத்தனை முழுமையாகக் கைவிடப்பட்டதற்கு இதற்கு இணையான இன்னொரு எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எல்லோரும் அறிந்ததே. உலகிலேயே விலை குறைந்த கார் என்று சொல்லி விற்றார்கள். கார் என்பது மதிப்பின் அடையாளமாக இருக்கும் நாட்டில் 'ஏழையின் கார்' என்ற பெயரைச் சுமக்க எவரும் விரும்பவில்லை. ஆகவே அது தோற்றது. ரத்தன் டாடாவே பின்னாளில் ஒரு நேர்காணலில், மலிவான கார் என்ற முத்திரை விழுந்ததே பெரும் பிழை என்ற பொருளில் பேசியிருக்கிறார். இந்த விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. வண்டி வெளிவருவதற்கு முன்பே 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்ற பெயர் நாடெங்கும் பரவியிருந்தது. அந்தப் பெயரைக் கேட்டறிந்த பிறகுதான் இரண்டு லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களை விரட்டாத அந்தப் பெயர் அடுத்து வந்தவர்களை மட்டும் விரட்டியது என்றால், இடைப்பட்ட காலத்தில் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தை மாதம் மாதமாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

விலையிலிருந்து பின்னோக்கி ஒரு வண்டி

மழை நனைத்த சாலையில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே ஒரே ஸ்கூட்டரில் போவதைக் கண்டு, அவர்களுக்குப் பாதுகாப்பான நான்கு சக்கர வண்டி ஒன்றைக் கொடுக்க முடியுமா என்று யோசித்ததிலிருந்துதான் இது தொடங்கியது என்று ரத்தன் டாடா பல முறை சொல்லியிருக்கிறார். ஒரு லட்சம் என்ற எண் பிறந்த விதம் இன்னும் சுவையானது. 2003-ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார் கண்காட்சியின்போது ஒரு பத்திரிகைப் பேட்டியில், அத்தகைய வண்டியின் விலை ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாயாக இருக்கலாம் என்று அவர் சொல்ல, மறுநாள் அதுவே தலைப்புச் செய்தியாயிற்று. மறுப்பு அனுப்புவதற்குப் பதிலாக அந்த எண்ணையே இலக்காக ஏற்றுக்கொண்டார். ஆக, செலவுக் கணக்கு போட்டு விலைக்கு வரவில்லை. ஒரு எண்ணை முதலில் ஊரறியச் சொல்லிவிட்டு அதற்குள் அடங்கும்படி ஒரு வண்டியைப் படைக்க வேண்டியதாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 2008 ஜனவரி 10-ஆம் நாள் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் வண்டியைத் திரைவிலக்கியபோது, கொடுத்த வாக்கு வாக்குதான் என்று அவர் சொன்னதில் பெருமிதம் இருந்தது. அந்த வாக்கு பிற்காலத்தில் எவ்வளவு பாரமாக மாறும் என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கிரிஷ் வாக் தலைமையிலான பொறியாளர் குழு செய்த வேலை, அதன் வணிக முடிவு என்னவானாலும், தனியே நின்று பார்க்கத் தக்கது. 624 சி.சி. கொள்ளளவும் இரண்டு சிலிண்டரும் கொண்ட அலுமினிய என்ஜினைப் பின் இருக்கைக்கு அடியில் வைத்துப் பின் சக்கரங்களை ஓட்டச் செய்தார்கள். முன்பக்கத்தில் என்ஜினுக்கு இடம் ஒதுக்க வேண்டியிராததால், 3.1 மீட்டர் மட்டுமே நீளமுள்ள வண்டிக்குள், அதைவிட நீளமான மாருதி 800-இல் இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கிடைத்தது. உயரமான ஆள் பின் இருக்கையில் கால் மடக்காமல் உட்கார முடிந்தது என்பதை அதில் ஏறியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எடை 600 கிலோவை ஒட்டி இருந்தது. சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று, கண்ணாடிக்கு இரண்டு வைப்பருக்குப் பதில் ஒன்று, ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் ஒரு பக்கக் கண்ணாடி, பெட்ரோல் ஊற்றும் வாய் முன் மூடிக்கு உள்ளே, 15 லிட்டர் மட்டுமே பிடிக்கும் தொட்டி, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பின்பக்கக் கதவு திறக்காது. பைகளை வைக்க வேண்டுமானால் பின் இருக்கையை மடக்கி உள்ளிருந்தே வைக்க வேண்டும். அடிப்படை மாதிரியில் குளிர்சாதனமோ, பவர் ஸ்டீயரிங்கோ, ரேடியோவோ கிடையாது.

இவற்றில் சில சிக்கனங்கள் பயன்படுத்துபவர் கண்ணில் படாதவை. சக்கரத்தில் மூன்று நட்டு இருப்பதைப் பற்றி எந்தக் குடும்பமும் கவலைப்படாது. வேறு சில சிக்கனங்களோ ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு நினைவூட்டப்படுபவை. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று தடுமாறும் தருணத்திலும், பெட்ரோல் பங்கில் முன் மூடியைத் திறந்து காட்டும் தருணத்திலும், வண்டி தன் விலையைத் தானே சொல்லிவிடுகிறது. கண்ணில் படாத சிக்கனத்தையும் படும் சிக்கனத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதே வடிவமைப்பில் நேர்ந்த முதன்மையான பிழை என்று கருதுகிறேன். 2015-இல் பின்கதவு திறக்கும்படி மாற்றப்பட்டபோது, அதற்கு ஆன கூடுதல் செலவு அந்த வண்டியைக் கொன்றுவிடக் கூடிய அளவினது அல்ல என்பது வெளிப்பட்டது. ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது.

சிங்கூர்

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள சிங்கூரில் 997 ஏக்கர் நிலத்தில் ஆலை அமையும் என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது. புத்ததேவ் பட்டாச்சார்யாவின் இடது முன்னணி அரசு கையகப்படுத்திய அந்த நிலத்தில் ஒரு பகுதியினர் இழப்பீட்டை ஏற்க மறுத்தார்கள். மம்தா பானர்ஜி தலைமையிலான போராட்டம் 2008 ஆகஸ்டு இறுதியில் ஆலை வாயிலையே முற்றுகையிடும் நிலைக்கு வந்தது. ஆலையின் பெரும்பகுதி கட்டி முடிக்கப்பட்ட நிலையில், 2008 அக்டோபர் 3-ஆம் நாள் டாடா நிறுவனம் வெளியேறுவதாக அறிவித்தது. நான்கு நாட்களுக்குள் குஜராத்தின் சாணந்தில் சுமார் 1,100 ஏக்கர் அரசு நிலம் கிடைத்தது. நில உரிமை பற்றிய நியாயங்கள் தனிப்பெரும் விவாதத்துக்கு உரியவை. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலைச் செல்லாதென்று சொல்லி நிலத்தை உழவர்களிடம் திருப்பித் தர உத்தரவிட்டதை மட்டும் இங்கே குறிப்பிட்டுவிட்டு, இடமாற்றம் காரின் விற்பனையை என்ன செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன்.

கட்டுமானத்துக்கு ஆன செலவைவிடப் பெரிதாக இழந்தது காலம். சாணந்த் ஆலை திறக்கப்பட்டது 2010 ஜூனில்தான். அதுவரை உத்தராகண்டின் பந்த்நகரில் இருந்த ஆலையின் ஒரு பகுதியில், ஆண்டுக்குச் சுமார் 50,000 என்ற சிறு அளவில்தான் வண்டிகளைச் செய்ய முடிந்தது. புதிய பொருள் ஒன்றின் மீது மக்களுக்கு இருக்கும் வேட்கை உச்சத்தில் இருந்த அந்தப் பதினைந்து மாதங்களில் நிறுவனத்திடம் கொடுப்பதற்குக் கார் இல்லை. வேட்கை அடங்கிய நேரத்தில் ஆலை முழு வேகத்தில் ஓடத் தயாராக இருந்தது. மேலும், 2003-க்கும் 2009-க்கும் இடையில் எஃகு முதலிய மூலப்பொருள்களின் விலை பெருமளவு ஏறிவிட்டிருந்தது. இடமாற்றமும் சேர, ஒரு லட்சம் என்பது தொழிற்சாலை வாயிலில் அடிப்படை மாதிரிக்கான விலை என்ற அளவுக்குச் சுருங்கியது. 2009 மார்ச் 23-இல் மும்பையில் விற்பனை அறிவிப்பு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை அடிப்படை மாதிரிக்கு 1.23 லட்சம், உயர்ந்த மாதிரியான எல்.எக்ஸ்.-க்கு 1.7 லட்சத்துக்கும் மேல் என்றிருந்தது. சாலை வரி, காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்தால் குளிர்சாதனம் உள்ள நானோ வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு லட்சத்தை நெருங்கியது.

குலுக்கலில் வெளிப்பட்ட உண்மை

முன்பதிவு செய்த இரண்டு லட்சம் பேரில் ஒரு லட்சம் பேரை 2009 ஜூனில் கணினிக் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு 2010 இறுதி வரை படிப்படியாக வண்டிகள் கொடுக்கப்படும் என்றும், மற்றவர்கள் விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது காத்திருக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. முதல் வண்டி 2009 ஜூலை 17-இல் மும்பையில் ஒப்படைக்கப்பட்டது. பத்திரிகைகள் எல்லாம் குலுக்கலின் பரபரப்பையே எழுதின. ஆனால் நிறுவனமே அப்போது வெளியிட்ட இன்னொரு கணக்கு அதைவிட மிகுந்த பொருளுடையது: பதிவு செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கேட்டது உயர்ந்த மாதிரியை, முப்பது விழுக்காட்டினர் நடு மாதிரியை, எந்த விலைக்காக உலகமே திரும்பிப் பார்த்ததோ அந்த அடிப்படை மாதிரியைக் கேட்டவர்கள் இருபது விழுக்காட்டினர் மட்டுமே. பதிவுகளில் பத்துக்கு ஏழு வங்கிக் கடன் மூலம் வந்தவை.

இந்தக் கணக்கை அன்றே ஒருவர் நிதானமாக வாசித்திருந்தால் கதை வேறுவிதமாகப் போயிருக்கலாம். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற விளம்பரத்தைக் கேட்டு வந்தவர்களே, ஒரு லட்ச ரூபாய்க் காரை ஒதுக்கிவிட்டு, குளிர்சாதனமும் பவர் விண்டோவும் உள்ளதைக் கேட்டார்கள். அவர்கள் தேடி வந்தது தங்கள் கைக்கு எட்டும் 'ஒரு கார்'. மலிவு என்பது அவர்களை உள்ளே வரவழைத்த வாசல் மட்டுமே. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகள் நிறுவனத்தின் பேச்சும் ஊடகங்களின் பேச்சும் அந்த வாசலைப் பற்றியே இருந்தன. இன்னொன்றும் இதில் தெரிகிறது. தொகையைக் கட்டிவிட்டுக் காத்திருக்கத் துணிந்தவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே ஒரு வண்டி வைத்திருந்து, வீட்டில் இரண்டாவதாக இருக்கட்டும் என்றோ, புதுமைக்காகவோ கேட்டவர்களாக இருந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். உண்மையான ஸ்கூட்டர் குடும்பத்துக்கு, குலுக்கலில் பெயர் வருமா என்று தெரியாத ஒன்றுக்காகக் கடன் வாங்கிக் கட்டும் வசதி இருந்திருக்காது.

சாதாரணமாக ஷோரூமுக்குப் போய் நானோ வாங்க முடிந்தது 2010-இன் பிற்பாதியில்தான். அதுவும் எல்லா மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் அல்ல. அதாவது, சேலத்திலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் ஒரு மளிகைக் கடைக்காரர் செய்தித்தாளில் நானோவைப் பற்றி முதன்முதலில் படித்ததற்கும், அதை ஓட்டிப் பார்த்து வாங்க முடிந்ததற்கும் இடையே இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

தீ

அந்த இடைவெளியில்தான் தீப்பிடித்த செய்திகள் வந்தன. 2010 மார்ச்சில் மும்பையில் ஷோரூமிலிருந்து எடுத்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு நானோ எரிந்த படம் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. வேறு ஊர்களிலும் சில நிகழ்வுகள் பதிவாயின. வடிவமைப்பில் குறையில்லை என்று நிறுவனம் சொன்னது. பிறகு, ஏற்கெனவே விற்ற வண்டிகளில் புகைபோக்கிப் பகுதிக்கும் மின்கம்பி இணைப்புகளுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. ஆனால் இது வண்டிகளைத் திரும்பப் பெறும் நடவடிக்கை அல்ல என்பதையும் அழுத்திச் சொன்னது. குறையில்லை என்பதும் சரிசெய்கிறோம் என்பதும் ஒரே அறிக்கையில் வரும்போது வாசிப்பவர் எதை நம்புவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்ற உண்மை, அதுவரை இடவசதியின் காரணமாகப் பாராட்டப்பட்டது, குழந்தைகள் உட்காரும் இடத்துக்குக் கீழே நெருப்பு என்ற அச்சமாக மாறிற்று.

சாணந்த் ஆலை முழுதாக இயங்கத் தொடங்கிய அதே பருவத்தில், 2010 நவம்பரில், நானோவின் மாத விற்பனை 509-க்கு இறங்கியது. உடனே நிறுவனம் விழித்துக்கொண்டது. உத்தரவாதக் காலம் நான்கு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 90 விழுக்காடு வரை கடன் தர நிறுவனத்தின் சொந்தக் கடன் பிரிவு முன்வந்தது. சிற்றூர்களில் சிறிய விற்பனை மையங்கள் திறக்கப்பட்டன. தொலைக்காட்சி விளம்பரங்கள் ஓடின. இவை எல்லாம் பயனளித்தன. 2011-12 நிதியாண்டில் 74,527 நானோ விற்றது. அதுவே அதன் வாழ்நாள் உச்சம். ஊருக்குள் வண்டி வந்து நின்று, தவணை எளிதாகி, பழுதுபார்க்க ஆள் இருந்தால் மக்கள் வாங்கினார்கள் என்பதற்கு இந்த ஆண்டே சான்று. மலிவு முத்திரை மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை எப்போதும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே சமயம், அந்த உச்சமும் ஆலைத் திறனில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஸ்கூட்டர் குடும்பத்தின் கணக்கு

அடுத்த ஆண்டு 53,848. அதற்கடுத்த ஆண்டு 21,129. இந்தச் சரிவைப் புரிந்துகொள்ள, யாருக்காக இந்த வண்டி செய்யப்பட்டதோ அந்தக் குடும்பத்தின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு நல்ல பைக்கின் விலை அன்று ஐம்பதாயிரம் ரூபாயைச் சுற்றி இருந்தது. நானோவுக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. பைக் ஒரு லிட்டரில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடும். நானோவின் அதிகாரபூர்வ எண்ணே 23.6 கிலோமீட்டர், நகர நெரிசலில் அதைவிடக் குறைவு. பெட்ரோல் விலையின் மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டு விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. வண்டியை நிறுத்த இடம் வேண்டும். கார் ஓட்டப் பழகி உரிமம் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் காப்பீடு கட்ட வேண்டும். வேலைக்குப் போக எப்படியும் பைக்கை விற்க முடியாது என்பதால் கார் என்பது பைக்குக்கு மாற்றாக வராமல், அதற்கு மேல் ஒரு செலவாகவே வந்து சேர்ந்தது. மழையில் நனையும் நான்கு பேரின் துன்பம் உண்மையானதுதான். ஆனால் அந்தத் துன்பம் ஆண்டில் சில நாட்களுக்கு, தவணையோ மாதந்தோறும்.

இந்தக் கணக்கையும் மீறிக் கார் வாங்கத் துணிந்தவருக்கு முன்னால் இன்னொரு வாய்ப்பு இருந்தது. குளிர்சாதனம் உள்ள நானோவின் விலைக்கு, மூன்று நான்கு ஆண்டு ஓடிய மாருதி ஆல்டோ கிடைத்தது; அதைவிடக் குறைவாக மாருதி 800 கிடைத்தது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய வண்டிகள் அவை. உதிரிபாகம் தாலுகா தலைமையிடத்திலேயே கிடைக்கும். மூன்று ஆண்டு கழித்து விற்றாலும் கைப்பணம் பெரிதாகக் கரையாது. இரு சிலிண்டர் என்ஜினைப் பின்னால் கொண்ட நானோவை அதே மெக்கானிக் தயக்கத்தோடு பார்த்தார். புதிய காரின் மணத்தைவிடப் பழைய காரின் நம்பகத்தன்மையைத் தேர்ந்தெடுத்ததில் வறட்டுக் கௌரவம் எதுவும் இல்லை. அது முற்றிலும் பகுத்தறிவுள்ள முடிவு. நானோவின் உண்மையான போட்டியாளர் ஸ்கூட்டரும் அல்ல, புதிய ஆல்டோவும் அல்ல, ஊர்ச் சந்தையில் நின்ற பழைய மாருதிதான் என்பதே இந்த ஆய்வில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. டாடா நிறுவனத்தின் செலவுத் திட்டங்கள் அனைத்தும் புதிய கார்களோடு ஒப்பிட்டே போடப்பட்டன.

பாதுகாப்பைப் பற்றி ஒரு குறிப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் நானோ ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஸ்கூட்டர் குடும்பத்தைக் காக்கப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட வண்டிக்கு இது கசப்பான முரண். எனினும் அதே தொகுதியில் சோதிக்கப்பட்ட ஆல்டோ 800-உம் பூச்சியமே பெற்றது. அதன் விற்பனை அசையவில்லை.

கொழும்பில் வேறொரு விடை

நானோ முதன்முதலாக ஏற்றுமதியானது இலங்கைக்கு, 2011-இல். அங்கே வாகனங்களின் மீதான இறக்குமதி வரி மிகக் கடுமையானது என்பதால், ஏறத்தாழ 9 லட்சம் இலங்கை ரூபாய் என்ற விலையும்கூட ஒரு புதிய காருக்குக் குறைவாகவே தோன்றியது. ஆனால் அந்த நாட்டில் நானோ நிலைபெற்ற இடம் குடும்பங்களின் முற்றம் அல்ல, டாக்சித் தொழில். முச்சக்கர வண்டிகள் நிறைந்த கொழும்பில், அவற்றுக்கு இணையான கட்டணத்தில், நான்கு கதவும் குளிர்சாதனமும் உள்ள மீட்டர் டாக்சியாக நானோ ஓடத் தொடங்கியதும், சில ஆண்டுகளில் 'நானோ டாக்சி' என்பது அந்நகரத்தில் ஒரு வகைப் பெயராகவே ஆயிற்று. இடவசதி, சிறிய திருப்பு வட்டம், குறைந்த முதலீடு என்று பொறியாளர்கள் பெருமைப்பட்ட ஒவ்வொன்றும் அங்கே காசாக மாறியது. ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று மட்டுமே கேட்கும் வாங்குநருக்கு 'ஏழையின் கார்' என்ற சொல் பொருளற்றது. இந்தியாவில் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு மாற்றாக நானோவை முன்னிறுத்த உரிய நேரத்தில் தீவிர முயற்சி எடுக்கப்படவில்லை. டாக்சியாகிவிட்டால் குடும்பக் கார் என்ற பெயர் கெட்டுவிடும் என்ற தயக்கம் இந்திய நிறுவனங்களுக்கு எப்போதும் உண்டு. இந்த வண்டியில் அந்தத் தயக்கத்துக்கு என்ன பொருள் இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

காலம் கடந்த திருத்தங்கள்

2014 தொடக்கத்தில் பவர் ஸ்டீயரிங்குடன் 'ட்விஸ்ட்' வந்தது. 2015 மே மாதத்தில் வந்த 'ஜென்எக்ஸ்' மாதிரியில் பின்கதவு திறந்தது, தொட்டியில் 24 லிட்டர் பிடித்தது, கிளட்ச் மிதிக்க வேண்டாத தானியங்கிக் கியரும் கிடைத்தது. விலை 1.99 லட்சத்தில் தொடங்கி 2.89 லட்சம் வரை போனது. 2009-லேயே வந்திருக்க வேண்டிய வண்டி இதுதான். இளைஞர்களுக்கான நகரக் கார் என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். ஆனால் 'ஒரு லட்ச ரூபாய்க் கார்' என்ற பழைய நினைவு போகாமலும், ஒரு லட்ச ரூபாய் என்ற பழைய விலை இல்லாமலும் அது நின்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் செய்யப்பட்ட ரெனோ க்விட் 2.57 லட்ச ரூபாய் தொடக்க விலையில் வெளிவந்தது. அதுவும் கடுமையான சிக்கனத்தில் பிறந்த வண்டிதான். அதன் சக்கரத்திலும் மூன்று நட்டுதான். தொடக்கத்தில் அதற்கும் மோதல் சோதனையில் நட்சத்திரம் கிடைக்கவில்லை. ஆனால் தரையிலிருந்து உயர்ந்து ஜீப்பைப் போல நிமிர்ந்து நின்ற தோற்றமும், முகப்பில் தொடுதிரையும், கண்ணில் படும் இடங்களில் எல்லாம் தாராளமும் இருந்தன. எவரும் அதை மலிவுக் கார் என்று அழைக்கவில்லை. ஓராண்டைச் சற்றே தாண்டிய காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. கண்ணில் படாத சிக்கனம், படும் சிக்கனம் என்று மேலே பிரித்துச் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் வேண்டியதில்லை.

2016 அக்டோபரில் டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி, இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் நானோவின் இழப்பு உச்சத்தில் 1,000 கோடி ரூபாயைத் தொட்டது என்றும், லாபத்துக்கு வழியே தெரியாத நிலையிலும் உணர்ச்சிபூர்வமான காரணங்களால் அதை மூட முடியவில்லை என்றும் குறிப்பிட்டார். பதவி இழந்தவரின் கடிதம் என்பதால் அதன் தொனியைத் தள்ளுபடி செய்து வாசிக்கலாம்; விற்பனை எண்களோ தள்ளுபடிக்கு இடம் தரவில்லை. 2016-17-இல் 7,591, அடுத்த ஆண்டு 1,851. வரவிருந்த புகை, பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப வண்டியை மாற்றச் செலவிடுவதற்கு எந்தக் காரணமும் எஞ்சியிருக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ மூன்று லட்சம் நானோக்கள் விற்றிருந்தன. ஆலையின் ஓராண்டுத் திறனைவிடச் சற்றே கூடுதல்.

வண்டியின் உடற்கூடு மட்டும் கொஞ்ச காலம் வேறு வடிவில் பிழைத்திருந்தது. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் அதில் பேட்டரியும் மின்மோட்டாரும் பொருத்தி 'நியோ' என்ற பெயரில் வாடகைக் கார் ஓட்டத்துக்காக உருவாக்கியது. கொழும்பு காட்டிய வழி இந்தியாவில் எடுத்துப் பார்க்கப்பட்டது அப்போதுதான். சாணந்த் ஆலையைப் பொறுத்தவரை, 2016 ஏப்ரலில் 3.2 லட்ச ரூபாய் தொடக்க விலையில் வந்த டியாகோ அதன் இயந்திரங்களுக்கு வேலை கொடுத்தது; பின்னர் அதன் செடான் வடிவமான டிகோரும் அங்கேயே செய்யப்பட்டது. சிங்கூர் முதலீட்டுக்கான இழப்பீடாக 765.78 கோடி ரூபாயும் வட்டியும் டாடா மோட்டார்ஸுக்கு மேற்கு வங்க அரசு நிறுவனம் செலுத்த வேண்டும் என்று நடுவர் தீர்ப்பு வந்தது 2023 அக்டோபரில். அப்போது நானோ சந்தையை விட்டுப் போய் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.